பதினேழாம் படிவம்

எங்கள் கல்லூரியில் ஒரு பெண்மணிக்குப் பைத்தியம் இல்லை என்று முடிவு செய்ய ஐம்பத்திரண்டு நாள் பிடித்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி ஏழாம் தேதி ஆரம்பித்து மார்ச் முப்பத்தொன்றாம் தேதி முடிந்தது. ஐந்து கூட்டம், ஒரு விசாரணை, ஒரு பதிவேடு. அத்தனைக்கும் நடவடிக்கைக் குறிப்பு டைப் அடித்தவன் நான். பெயர் பரந்தாமன். பெரியவர்கள் என்ன அபத்தம் பேசினாலும் அதைக் கௌரவமான வாக்கியமாக மாற்றி மூன்று நகல் எடுப்பது என் உத்தியோகம். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயரை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லூரி ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. தோல் வியாபாரிகள் சேர்ந்து கட்டியது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதாவது ஒரு டேனரியின் வாடை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எங்கள் ஊரில் ஆராய்ச்சி என்றாலே தோல் ஆராய்ச்சிதான். கெமிஸ்ட்ரிக்காரர்கள் பச்சைத் தோலைக் கையால் தொட்டுப் புரட்டி வேலை செய்வார்கள். ஒருமுறை மாட்டுத் தோலிலிருந்து அடைப்பான் நோய் ஒட்டி ஓர் ஆய்வு மாணவர் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அதிலிருந்து ஒரு விதி போட்டார்கள். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன்னால் பதினேழாம் படிவம் நிரப்ப வேண்டும். ‘ஆய்வுப் பொருளில் உள்ள நோய் ஆய்வாளருக்குத் தொற்றவில்லை’ என்று டாக்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நியாயமான விதிதான், தோலுக்கு.

கமலவேணி தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளர். ஐந்து வருஷமாகத் தற்காலிகம். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். கணவர் நந்தகோபாலுக்கு ஆறு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் எம்.பில். ஆய்வேட்டை அனுப்பிவிட்டவர்களுக்கு வேலை நிரந்தரம். அனுப்பாதவர்கள் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வர வேண்டியதில்லை.

கமலவேணி ஜனவரியிலேயே எழுதி முடித்துவிட்டார். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் பெண்களின் சித்தப்பிரமை’ என்பது தலைப்பு. பதினான்கு நாவல்களில் பதினொரு பெண்களுக்குச் சித்தம் கலங்குகிறது. சிலர் புத்தகம் படித்தார்கள், சிலர் எதிர்த்துப் பேசினார்கள், ஒருத்தி ஜன்னல் பக்கம் நின்று அடிக்கடி தெருவைப் பார்த்தாள். அதே நாவல்களில் ஆண்களுக்கும் மனக்கஷ்டம் வருகிறது. அவர்கள் காசிக்குப் போய்விடுகிறார்கள். பெண்களுக்குப் போக இடமில்லை, அதனால் இருந்த இடத்திலேயே பைத்தியமாகிறார்கள் என்பது கமலவேணியின் கட்சி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஆபீஸ் நேரம் முடிந்தபின் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி காலை அவர் ஆய்வேட்டோடு சூப்பரின்டெண்ட் அருணகிரியின் மேஜைக்கு வந்தார். அருணகிரி விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். அவற்றின் பொருளை மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

“பதினேழாம் படிவம் எங்க மேடம்?”

“அது தோலுக்குத்தானே சார்?”

“ஆய்வேடு அல்லாத்துக்கும்னு போட்டிருக்கு. குடுங்க, நானே ரொப்பறேன். ஆய்வுப் பொருள் இன்னா?”

“நாவல்ல வர்ற பெண்கள்.”

“மாதிரி எத்தினி?”

“பதினாலு நாவல் சார்.”

“நோய்?”

கமலவேணி தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். “சித்தப்பிரமை” என்றார்.

அருணகிரி அதை எழுதினார். ‘பாதிக்கப்பட்ட மாதிரிகள்’ என்ற இடத்தில் அவரையே கேட்டுப் பதினொன்று என்று போட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அதாவது மேடம், நீங்க மூணு வருஷமா பைத்தியங்களோட பழகியிருக்கீங்க” என்றார்.

மறுநாள் ஆய்வுக் குழு கூடியது. குழுவில் மூன்று பேர். முதல்வர் சுப்பராயன் கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தமிழ்த் துறைத் தலைவர் புலவர் ஆதிகேசவன், கமலவேணிக்கு ஆய்வு வழிகாட்டியும் அவர்தான். மூன்றாமவர் நிர்வாகத்தின் சார்பில் முனீர் அகமது சாயபு, இரண்டு டேனரிக்குச் சொந்தக்காரர். எந்த ஆய்வேட்டைக் கையில் கொடுத்தாலும் சாயபு ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். முகர்ந்து பார்ப்பார். தோலைத் தரம் பிரித்து முப்பது வருஷப் பழக்கம். கமலவேணியின் ஆய்வேட்டையும் அப்படியே பார்த்துவிட்டு “மால் நல்லாருக்கு” என்று சரக்கைச் சொல்வது போலவே சொன்னார். மூவரும் முதல் பக்கத்தில் ‘முழுமையாகப் பார்வையிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் நான்கு நிமிஷம் ஆயிற்று.

“நாளைக்கே டாக்டர்கிட்ட போய்ப் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன் சார்” என்றார் கமலவேணி.

முதல்வர் கையைத் தூக்கினார். “அவசரப்படாதீங்கம்மா. அடைப்பான்னா ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்துடலாம். மனசை ஸ்லைடுல வைக்க முடியுமா? மொதல்ல அப்சர்வேஷன். அப்புறம்தான் டாக்டர். சயின்ஸ்ல ஒரு முறை இருக்கு.”

“அம்மையார் மருத்துவரிடம் செல்ல இத்துணை விரைவு காட்டுவது ஏன்?” என்றார் புலவர் ஆதிகேசவன். அவர் வீட்டில் தண்ணீர் கேட்பதும் செந்தமிழில்தான். “அதுவும் சிந்திக்கத்தக்கது.”

‘ஆய்வாளரிடம் பரபரப்பு காணப்பட்டது’ என்று நான் டைப் அடித்தேன்.

ஓய்வறையில் ஒரு பதிவேடு வைத்தார்கள். தேதி, சிரித்த தடவை, கோபித்த தடவை, ஜன்னலைப் பார்த்த தடவை என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தைப் புலவர்தான் போடச் சொன்னார். அந்த ஆய்வேட்டைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டை நிரப்பும் பொறுப்பு கல்லூரியைப் பெருக்குகிற ரங்கம்மாளுக்கு வந்தது. ரங்கம்மாளுக்கு அறுபது அறை, இரண்டு துடைப்பம்.

“எம்மா, இன்னிக்கு எத்தினி தபா சிரிக்கப் போறே? இப்பவே சொல்லிட்டின்னா போட்டுட்டுப் போயிடுவேன். கெமிஸ்ட்ரி பக்கம் இன்னும் கூட்டவே இல்ல.”

கமலவேணி சிரித்துவிட்டார். ரங்கம்மாள் ஒரு கோடு போட்டாள்.

பதினைந்து நாள் இது நடந்தது. சிரிக்கக் கூடாது என்று கமலவேணி முகத்தை இறுக்கிக்கொண்டால் கோபக் கட்டத்தில் கோடு விழுந்தது. மாணவர்கள் தேர்வுத் தாளில் எழுதியதைப் படித்துத் தமிழ் வாத்தியார் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை, ஆனால் பதிவேடு இவர் ஒருவருக்குத்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதற்குக் கட்டம் இல்லாததால் முதல்வர் புதிதாக ஒன்று போடச் சொன்னார். கமலவேணிக்குத் தூக்கம் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. வகுப்பு முடிந்ததும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார், போவார், திரும்ப வருவார். “இன்னிக்குக் கையெழுத்து ஆகுமா பரந்தாமன்?” என்று ஒரு நாளில் நான்கு முறை கேட்பார். என்னாலேயே டைப்ரைட்டர் முன்னால் உட்கார முடியாமல் போயிற்று. மார்ச் பிறந்துவிட்டது.

மூன்றாவது கூட்டம் முடிந்து, கணவரை விசாரிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. நந்தகோபால் தறியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன். மனைவிக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், அதனால் கேட்டதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கமலவேணி சுவர் ஓரமாக பெஞ்சில் இருந்தார்.

“வீட்டுல எப்படி இருக்காங்க?” என்றார் முதல்வர்.

“நல்லாத்தான் சார் இருக்காங்க.”

“தனியா பேசுவாங்களா?”

“பேசுவாங்க சார். மறுநாள் எடுக்க வேண்டிய பாடத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாங்க.”

“சிரிப்பாங்களா?”

“நான் எதுனா சொன்னா சிரிப்பாங்க.”

“சமையல்ல மறதி?”

நந்தகோபால் யோசித்தார். நேர்மையான ஆளுக்கு வருகிற ஆபத்து அதுதான். “போன வாரம் குழம்புல உப்பு கம்மி சார். அன்னிக்கு நான்தான் குழம்பு வெச்சேன்” என்றார்.

‘தனியே பேசுகிறார். கணவர் பேசும்போது சிரிக்கிறார். குழம்பில் உப்புக் குறைவு’ என்று குறிப்பு எழுதப்பட்டது. பாடம் சொல்லிப் பார்ப்பதும், குழம்பு வைத்தது யார் என்பதும் அதில் இல்லை. முதல்வர் அவற்றைத் திருப்பிச் சொல்லவில்லை, அவர் சொல்லாததை நான் டைப் அடிப்பதில்லை. கமலவேணி எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“நீங்க சும்மா இருங்கம்மா” என்றார் முதல்வர். “உங்களைப் பத்திதானே பேசிக்கிட்டிருக்கோம்.”

அந்த வாக்கியத்தையும் நான் டைப் அடித்தேன். ‘ஆய்வாளரின் நலனைக் குழு கருத்தில் கொண்டது’ என்று மாற்றி அடித்தேன்.

அடுத்தது சிகிச்சை. புலவர் ஆதிகேசவனுக்கு ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் உள்ள அட்டவணையை அருணகிரி காட்டியிருந்தார். பதினொரு பெண்களும் எப்படிக் குணமானார்கள் என்ற அட்டவணை அது. நான்கு பேருக்குக் கல்யாணத்தால். மூன்று பேருக்குத் தேசாந்திரம் போன கணவன் திரும்பி வந்ததால். இருவர் கிணற்றில் விழுந்தார்கள். ஒருத்திக்குக் கோயிலில் மந்திரித்தார்கள். ஒருத்தியை நாவலாசிரியர் பாதியிலேயே மறந்துவிட்டார். கமலவேணி இதை வயிற்றெரிச்சலோடு எழுதியிருந்தார். புலவருக்கு அது மருந்துச் சீட்டாகத் தெரிந்தது.

நான்காவது கூட்டத்தில் அவர் எழுந்து நின்று முழங்கினார். “அவையோரே! பெண்ணின் மனம் அனிச்ச மலர். ஏடு பட்டாலே வாடும். இவ்வுண்மையை ஐந்நூறு பக்கம் எழுதி நிறுவினர் நம் முன்னோர். அம்மையாரின் ஆய்வே அம்மையாருக்கு வழிகாட்டுகிறது. முதற் சிகிச்சை திருமணம்.”

“அதான் ஆயிடுச்சே” என்றார் சாயபு.

“ஆகவே அது பலன் தரவில்லை என்று கொள்வோம். இரண்டாவது, பிரிந்த கணவன் மீளுதல்.”

“அவர் எங்கியும் போலியேபா. போனாத்தானே வர்றதுக்கு?”

“போகச் சொல்வோம்” என்றார் புலவர்.

இதைப் படிக்கிறவர்கள் நான் கயிறு திரிக்கிறேன் என்று நினைக்கலாம். மூன்றாம் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணவர் பத்து நாள் வெளியூரில் தங்கித் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நந்தகோபால் மாதனூரில் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா என்ன சண்டை என்று கேட்டிருக்கிறார். சண்டை இல்லை, காலேஜில் அனுப்பினார்கள் என்று இவர் சொல்ல, அக்கா இவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார். பத்தாம் நாள் ஒரு பையோடு நேராகக் கல்லூரிக்கு வந்து நின்றார்.

“உங்களைப் பார்த்ததும் வீட்டுல மாற்றம் தெரிஞ்சுதா?” என்றார் முதல்வர்.

“இன்னும் வீட்டுக்கே போலியே சார். போன்ல பேசினேன். பத்து நாளா வீடு அமைதியா இருந்துச்சாம். முன்னுரையைத் திருத்தி எழுதிட்டாங்களாம்.”

நோய் முற்றுகிறது என்று குழு கவலைப்பட்டது. முழு ஓய்வு தேவை, ஜூன் வரை படிப்பதும் எழுதுவதும் கூடாது என்றார் முதல்வர். ஜூன் என்றால் வேலை போயிற்று. கமலவேணிக்கு அப்போதுதான் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். நடுங்கியது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் புலவர்.

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் வேலூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர் மனோரமா என்று ஒருவர். அரை மணி நேரம் பேசிவிட்டுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ‘இவருக்கு மனநோய் எதுவும் இல்லை. மிகவும் களைத்திருக்கிறார். களைப்புக்குக் காரணம் இருக்கிறது.’ கீழே முத்திரை.

மார்ச் முப்பதாம் தேதி கடைசிக் கூட்டம். சான்றிதழ் கை மாறியது. சாயபு அந்தத் தாளையும் அழுத்திப் பார்த்தார். “களைப்பு என்பதே பாதிப் பிரமை” என்று புலவர் ஆரம்பித்தார். கமலவேணி அவரைக் கவனிக்கவில்லை. கையில் இருந்த பதினேழாம் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி தோன்றிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

“அருணகிரி சார், இது இன்னான்னு பாருங்க. ‘ஆய்வுப் பொருளைக் கையாண்டவர் அனைவரும் தனித்தனியே சான்று அளிக்க வேண்டும்.’ அனைவரும்னு போட்டிருக்கு.”

ஃபைலோடு நின்றிருந்த அருணகிரி வாங்கிப் படித்தார். விதியைக் கண்டால் அவருக்கு முதல்வரும் தெரியாது, சாயபுவும் தெரியாது. “ஆமா சார். தோலைத் தொட்ட அத்தினி பேரும் டாக்டர்கிட்ட போவணும். மேடம் ஆய்வேட்டுல மொதப் பக்கத்துல மூணு பேரும் முழுசா பார்த்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப மூணு பேருக்கும் சர்டிபிகேட் வேணும்.”

“நான் போயி அந்த ஆஸ்பத்திரி க்யூல நிக்கறதா?” சாயபு எழுந்தே விட்டார். “யாராவது தோஸ்த் பார்த்தா இன்னா ஆவறது? மெட்ராஸ் பார்ட்டி சரக்கை கேன்சல் பண்ணிடுவான். பேஜார் புடிச்ச வேலைபா இது. நான் அதுல ஒரு வரி கூட படிக்கல, அல்லா மேல ஆணை!”

“படிக்கலன்னா எழுதிக் குடுத்துடுங்க சாயபு. கையாளலன்னு ஆயிடும்” என்றார் அருணகிரி.

சாயபு உடனே எழுதிக் கொடுத்தார். அந்த அறையில் அன்று முதலில் உண்மை பேசியவர் அவர்தான். முதல்வர் தொண்டையைச் செருமினார். “ஆக்சுவலா எனக்கு டைம் இல்ல. லிட்ரேச்சர் என் ஃபீல்டும் இல்ல” என்று அவரும் எழுதினார். பாக்கி இருந்தவர் புலவர், ஆய்வு வழிகாட்டி. மூன்று வருஷம் மாதாமாதம் ‘வழிகாட்டினேன்’ என்று கையெழுத்துப் போட்டவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ‘மேற்படி ஆய்வேட்டை யான் எஞ்ஞான்றும் கண்ணுற்றிலேன்’ என்று எழுதி நீட்டினார். எழுதும்போது அவர் கை நடுங்கியது. அதை யாரும் குறித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

“டைப் அடிச்சவரும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா ஃபைல் முடிஞ்சுது” என்று அருணகிரி என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். “டைப்பிஸ்டுங்க யாரும் படிக்கறதில்ல. போட்டுடுங்க.”

சுலபமான காரியம்தான். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் நான் படித்திருந்தேன். சில பக்கங்களை அடித்து முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் என் மனைவி சௌந்தரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு கேள்வி அவளிடமே கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்திருக்கிறேன்.

“நான் படிச்சேன் சார்” என்றேன்.

“யோவ்! அப்ப உனக்கும் சர்டிபிகேட் வேணும். நாளைக்குத்தான்யா கடைசித் தேதி” என்றார் அருணகிரி.

கமலவேணி என்னை முறைத்தார். இத்தனை நாளும் சும்மா இருந்துவிட்டு இப்போதா உனக்கு நேர்மை வர வேண்டும் என்கிற முறைப்பு. அதில் தப்பே இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் வேலூருக்குப் போனோம். ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைப் பார்த்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் கெட்டுப்போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு ஆய்வேடு பதிவுத் தபாலில் போயிற்று. யாரும் படிக்கவில்லை என்று குழுவே எழுத்தில் உறுதி கூறிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. கமலவேணிக்கு ஜூலையில் வேலை நிரந்தரமாயிற்று.

எனக்கு மறக்காதது அன்று காலை அந்த ஆஸ்பத்திரி வராந்தா. நீள பெஞ்சில் இருபது பெண்களுக்கு மேல் இருப்பார்கள். அணைக்கட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு ஆண், கையில் சீட்டு. நர்ஸ் ஒருத்தி நோட்டோடு வந்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேர் என்ன என்றாலும் ஆண்தான் சொன்னான், எங்கே வலிக்கிறது என்றாலும் ஆண்தான் சொன்னான். பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நான் டைப் அடித்த வாக்கியங்கள் மாதிரியே இருந்தன. என்னால் அங்கே நிம்மதியாக உட்கார முடியவில்லை.

நர்ஸ் எங்களிடம் வந்தாள். என் பெயரை நோட்டில் பார்த்தாள். பிறகு கமலவேணியைப் பார்த்து, “நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா? எவ்ளோ நாளா இப்படி இருக்காரு? தூங்கறாரா? தனியா பேசறாரா?” என்று கேட்டாள்.

நான் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எது சொன்னாலும் எனக்குத் தகும். ஐம்பத்திரண்டு நாள் நான் அவரைப் பற்றி டைப் அடித்ததில் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லியிருந்தால் கூடப் போதும், அன்றைக்கு என்னை உள்ளே படுக்க வைத்திருப்பார்கள்.

கமலவேணி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “இங்கதானே சிஸ்டர் உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்களேன்” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார், கொஞ்சம் எரிச்சலோடு. நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். “தூங்கறேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பெஞ்சில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கிக் கமலவேணியைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி பக்கத்தில் சீட்டோடு இருந்த தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

“கேட்டுக்கினியா?” என்றாள்.